பழைய பெட்டியில் கிடைத்த வால்தம் பாக்கெட் வாட்ச்: தங்கமா, எந்த ஆண்டு, என்ன பெறும்?

பழைய சாமான்களை மொத்தமாக வாங்கிய பெட்டிக்குள் ஒரு பாக்கெட் வாட்ச் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். டயலில் "ஏ.டபிள்யூ.டபிள்யூ. கோ., வால்தம்" என்று இருக்கிறது. உள்ளே மெஷினில் "அமெரிக்கன் வால்தம் வாட்ச் கோ.", "பி. எஸ். பார்ட்லெட்", "17 ஜூவல்ஸ்" என்ற எழுத்துகளும், 90 லட்சத்தைத் தாண்டிய ஒரு தொடர் எண்ணும் உள்ளன. பின்மூடியின் உட்பக்கத்தில் "14கே", "20 ஆண்டு உத்தரவாதம்", கூடவே முற்றிலும் வேறொரு எண். வெளிப்பக்கத்தில் ரயில் எஞ்சின் செதுக்கியிருக்கிறார்கள். தொடர் எண்ணைத் தேடியபோது "மாடல் 1883" என்று வந்ததாம். தங்கமா, 1883இல் செய்ததா, ரயில்வே வாட்ச்தானா, என்ன விலை பெறும் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கடைசி வரியில்தான் வருகிறது: இரண்டு எண்களும் பொருந்தாததால் இது போலி என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்ற நான்குக்கும் வழி கிடைத்துவிடும்.

எண்கள் பொருந்தாததை வைத்து இதைப் போலி என்று சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பெரும்பாலான வாட்சுகளின் மெஷினை ஒரு நிறுவனமும், அதை வைக்கும் கூட்டை, அதாவது வெளி உறையை, வேறொரு நிறுவனமும் செய்தன. மெஷின்கள் நிலையான அளவுகளில் வந்தன. வாங்க வருபவர் மெஷினை ஒரு பக்கமும் கூட்டை இன்னொரு பக்கமும் தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் அங்கேயே பொருத்திக் கொடுப்பார். மெஷின் எண் மெஷின் செய்தவருடையது, கூட்டு எண் கூடு செய்தவருடையது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம். உங்களிடம் அப்படிச் சொன்னவர் ஆங்கிலேய வாட்சுகளை வைத்துப் பேசியிருக்கலாம். அங்கே கூட்டிலும் மெஷினிலும் ஒரே எண் இடும் வழக்கம் பரவலாக இருந்தது. பொருந்தாவிட்டால் கேள்வி கேட்பது நியாயம். அந்த அளவுகோலை அமெரிக்க வாட்சுக்குக் கொண்டுவரக் கூடாது. ஆகவே கையில் இருப்பது ஒரு பொருள் என்று எண்ணாமல், இரண்டு பொருள் என்று எண்ணிப் பாருங்கள். வயதும் தரமும் மெஷின் சொல்லும். தங்கமா இல்லையா என்பதைக் கூடு சொல்லும்.

முதலில் மெஷின். "மாடல் 1883" என்பது அந்த வடிவமைப்பின் பெயர். அந்த வடிவமைப்பு வந்த ஆண்டை வைத்துப் பெயரிட்டார்கள். அதே வடிவத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தார்கள். செய்த ஆண்டுக்குத் தொடர் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். வால்தம் எண்களில் 90 லட்சத்தைத் தாண்டியவை 1900ஐ ஒட்டியவை. 1 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியவை 1910ஐ ஒட்டி வரும். இதை உறுதிப்படுத்த இன்னொரு சான்று உங்கள் மெஷினிலேயே இருக்கிறது. "அமெரிக்கன் வால்தம் வாட்ச் கம்பெனி" என்ற பெயரில் அந்த நிறுவனம் 1885 முதல் 1906 வரைதான் இயங்கியது. அதற்கு முன் "அமெரிக்கன் வாட்ச் கம்பெனி". பின் "வால்தம் வாட்ச் கம்பெனி". தொடர் எண் ஒரு ஆண்டைச் சொல்ல, நிறுவனப் பெயர் வேறொரு காலத்தைச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும். உங்களுடையதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. டயலில் உள்ள முதலெழுத்துகளும் அதே பெயரின் சுருக்கம்தான் என்பதால், டயலும் அந்தக் காலத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் எண் அட்டவணை பிறப்புச் சான்றிதழ் அல்ல. தொடர் எண்களைத் தொகுதி தொகுதியாக முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். ஒரு தொகுதி உடனே செய்யப்பட்டிருக்கும், இன்னொன்று ஓரிரு ஆண்டு தள்ளி முடிந்திருக்கும். செய்து முடித்த மெஷின் கடைக்காரரின் இழுப்பறையில் மேலும் சில ஆண்டு இருந்து பிறகு விற்றிருக்கலாம். எனவே "1900 அளவில் செய்தது" என்று எழுதுங்கள். "1900ஆம் ஆண்டு மார்ச்சில் வாங்கியது" என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டுமானால் ரசீதோ, கூட்டில் தேதியோடு பொறித்த வாசகமோ வேண்டும்.

பி. எஸ். பார்ட்லெட் இந்த வாட்சின் உரிமையாளரும் அல்ல, தனியாக உட்கார்ந்து செய்த கைவினைஞரும் அல்ல. வால்தம் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஒருவரின் பெயர் அது. ஒரு தரத்துக்கு அதைச் சூட்டினார்கள். வில்லியம் எல்லரி, கிரசண்ட் ஸ்ட்ரீட், ரிவர்சைடு, வான்கார்டு என்பவையும் இப்படித் தரங்களுக்கு வைத்த பெயர்களே. இந்த வரிசையில் பார்ட்லெட் நடுத்தரம். ஏராளமாகச் செய்தார்கள், ஏராளமாக மிஞ்சியும் இருக்கின்றன. 17 ஜூவல்ஸ் என்பது சக்கரங்களின் அச்சுமுனைகள் சுழலும் இடங்களிலும் உராய்வு மிகுந்த இடங்களிலும் பதித்த கற்களின் எண்ணிக்கை. 7 கல் அடிப்படை, 15 நல்ல நடுத்தரம், 17 அதற்கு ஒரு படி மேல், 21, 23 உயர்தரம். இந்தக் கற்களுக்கு நகைக்கடையில் மதிப்புக் கிடையாது. மெஷினில் "அட்ஜஸ்டட்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்ப மாற்றத்திலும் வைக்கும் நிலை மாறும்போதும் நேரம் தவறாதபடி சரிசெய்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். அந்தச் சொல் இருந்தால் தரம் சற்று உயரும். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த இடம் வெளிச்சத்தில் மறைந்திருக்கிறது.

இனிக் கூடு. "14கே" என்பதைப் பார்த்ததும் தங்கம் என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். அதன் பக்கத்திலேயே இருக்கும் "20 ஆண்டு உத்தரவாதம்" அதை மறுத்துவிடுகிறது. இது கோல்டு ஃபில்டு கூடு. நடுவில் மலிவான உலோகத் தகடு, அதன் இரு பக்கமும் மெல்லிய தங்கத் தகடு. மூன்றையும் சேர்த்து உருளையில் அழுத்தி, அந்தத் தகட்டிலிருந்து கூட்டைச் செய்தார்கள். ஜேம்ஸ் பாஸ் என்பவர் 1859இல் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்த முறை இது. மேல் தகடு 14 காரட், அதாவது 24க்கு 14 பங்கு தங்கம். 20 ஆண்டு என்பது, சாதாரணப் பயன்பாட்டில் அந்தத் தகடு தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் தெரியாமல் இருப்பதற்குக் கூடு செய்தவர் கொடுத்த காலவரை. முழுத் தங்கக் கூட்டுக்கு இப்படி ஆண்டுக் கணக்கு போட வேண்டிய தேவையே இல்லை. 10, 20, 25 என்று எந்த எண்ணாக இருந்தாலும், ஆண்டு உத்தரவாதம் கண்டால் முழுத் தங்கம் இல்லை என்று முடிவு செய்துவிடலாம். 1924இல் இந்த ஆண்டுக் கணக்கு போடுவதை அமெரிக்க அரசு தடை செய்தது. ஆகவே உங்கள் கூடு அதற்கு முந்தியது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

இதே பெட்டியில் வேறு வாட்சுகள் கிடைத்தாலும் உதவும் என்பதால் மற்ற முத்திரைகளையும் சொல்லிவிடுகிறேன். "சில்வராய்டு", "சில்வரீன்", "சில்வரோடு" என்று எழுதியிருந்தால் அதில் வெள்ளி துளியும் இல்லை. நிக்கல் கலந்த உலோகக் கலவைகளுக்கு வைத்த வணிகப் பெயர்கள் அவை. "காயின் சில்வர்" என்றால் அமெரிக்க வழக்கில் ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி, "ஸ்டெர்லிங்" என்றால் 925. "யு.எஸ். அசே" என்ற சொற்களோடு வரும் காரட் எண்ணை அரசு முத்திரை என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் உலோகத்தைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகங்கள் உண்டு. அமெரிக்கக் கூடுகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. அது கூடு செய்தவர் தாமே சொல்லிக்கொண்டது. பெரும்பாலும் உண்மையாக இருக்கும் என்றாலும் சோதித்தே நம்ப வேண்டும். சுவிஸ் வாட்சுகளின் உள்மூடியில் "குவெட்" அல்லது "மெட்டல்" என்று இருந்தால் அந்த உள்மூடி மட்டும் மலிவு உலோகம் என்று பொருள். வெளிமூடிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கோல்டு ஃபில்டு என்பதைக் கண்ணாலேயே உறுதி செய்யலாம். பூதக்கண்ணாடியோடு நான்கு இடங்களைப் பாருங்கள்: சங்கிலி மாட்டும் வளையத்தின் உட்புறம், சாவி கொடுக்கும் குமிழின் பற்கள், மூடியின் விளிம்பு, செதுக்கலின் மேடான பகுதிகள். தங்க நிறத்துக்கு நடுவே வெளிறிய மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ திட்டு தெரிந்தால் தகடு தேய்ந்திருக்கிறது. ஆசிட் சோதனையை மேற்பரப்பில் செய்தால் மேல் தகட்டைத்தான் சோதித்ததாகும்; 14 காரட் என்றுதான் பதில் வரும். எக்ஸ்ரே கருவியும் மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிய ஆழம் வரைதான் படிக்கும். தகடு தடிப்பாக இருந்தால் அதையும் ஏமாற்றிவிடும். முத்திரை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அரத்தால் கீறிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காந்தத்தை அருகில் கொண்டுபோகவே வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். தங்கத்தையும் காந்தம் இழுக்காது, பித்தளையையும் இழுக்காது, எனவே அந்தச் சோதனை எதையும் சொல்லாது. ஆனால் உள்ளே ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய எஃகுச் சுருளான ஹேர் ஸ்பிரிங் காந்தமேறிவிடும். அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் வாட்ச் தாறுமாறாக வேகம் பிடிக்கும்.

ரயில் எஞ்சின் படம் இருப்பதால் ரயில்வே வாட்ச் ஆகிவிடாது. கூட்டை விற்பதற்காகச் செதுக்கிய அலங்காரம் அது; மானும் பூவும் செதுக்கிய அதே கூட்டு நிறுவனங்கள்தான் எஞ்சினையும் செதுக்கின. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலம் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதின. ஓட்டுநரின் வாட்ச் 4 நிமிடம் பின்தங்கியதே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன்பின் வெப் சி. பால் என்பவரிடம் ரயில்வே ஊழியர்களின் வாட்சுகளைச் சோதிக்கும் பொறுப்பு வந்தது, தர விதிகளும் வளர்ந்தன. மூடியில்லாத முகப்பு, 12 மணி இடத்தில் குமிழ், 18 அல்லது 16 அளவு (அமெரிக்க மெஷின்களின் அளவு எண்கள்), குறைந்தது 17 கல், ஐந்து நிலைகளில் சரிசெய்தது, வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகாதது, நெம்புகோலால் நேரம் மாற்றுவது, தடித்த எண்களுள்ள டயல் என்று அந்த விதிகள் போகும். எந்தெந்த ஆண்டில் எந்த ரயில்வே எதை ஏற்றது என்பது மாறிக்கொண்டே இருந்தது. உங்கள் பார்ட்லெட்டில் 17 கல் இருப்பது ஒரு விதியை மட்டும் நிறைவு செய்கிறது. ஐந்து நிலைகளில் சரிசெய்ததாக மெஷினில் எழுதியிருந்தாலொழிய, ரயில்வே தரம் என்று குறிப்பிட்டு விற்காதீர்கள். இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது: மெஷினிலேயே எஞ்சின் படம், பெயர் தெரியாத நிறுவனம், "23 ஜூவல்ஸ்" என்ற பெரிய எழுத்து, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் அமெரிக்க ரயில்வே வாட்ச் போலச் செய்த சுவிஸ் மலிவுச் சரக்காக இருக்க வாய்ப்பு மிக அதிகம். வால்தம் பெயரும் முறையான எண்ணும் உள்ள உங்களுடையது அந்த வகை அல்ல.

குமிழை இழுத்தும் முள் நகரவில்லை, கெட்டுப்போய்விட்டதா என்று இடையில் கேட்டிருந்தீர்கள். வலுக்கட்டாயமாக இழுக்க வேண்டாம். இது நெம்புகோல் வகையாக இருக்கலாம். முன்பக்கக் கண்ணாடி வளையத்தை இடப்பக்கமாகத் திருகிப் பாருங்கள். திருகு வகை இல்லையென்றால் விளிம்பில் நகம் நுழையும் சிறு உதடு ஒன்று இருக்கும், அதைத் தூக்குங்கள். டயலின் ஓரத்தில், பெரும்பாலும் 1 அல்லது 2 மணி அருகே, மெல்லிய உலோக நாக்கு ஒன்று தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்து, குமிழைத் திருப்பி நேரம் வைத்து, திரும்ப உள்ளே தள்ளிவிட்டு மூடுங்கள். கத்தி முனையால் இழுத்தால் டயலின் எனாமல் சில்லுவிட்டுப் போகும். நாக்கே இல்லையென்றால் குமிழ் இழுத்து நேரம் மாற்றும் வகைதான். அப்போது கோளாறு பெரும்பாலும் கூட்டின் கழுத்துக்குள் குமிழின் தண்டைப் பிடித்திருக்கும் சிறு குழாயில் இருக்கும். கழற்றத் தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

ஓடுகிறதா என்று பார்க்க ஐந்தாறு திருப்பு சாவி கொடுத்தால் போதும். முழுக்கச் சாவி ஏறியும் ஓடாவிட்டால், "சாவி அதிகமாகிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. ஸ்பிரிங் முழுக்கச் சுற்றியிருப்பது இயல்பான நிலைதான். பழைய எண்ணெய் பிசினாகி சக்கரங்களைப் பிடித்துக்கொள்வதால்தான் நிற்கிறது, அல்லது ஏதோ உடைந்திருக்கிறது. குலுக்காதீர்கள். எண்ணெய் விடாதீர்கள், துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கவே கூடாது. மாடல் 1883இல் பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் சுழன்று ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரம், மேல் தகட்டுக்கு வெளியே, பின்மூடிக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு விரல் பட்டாலே அதன் அச்சுமுனை ஒடியக்கூடும். மூடியைத் திறந்துவைத்து வெறும் கண்ணால் பாருங்கள். அந்தச் சக்கரம் தட்டையாகச் சுழன்றால் நல்லது. சாய்ந்து தள்ளாடினால் அச்சு உடைந்திருக்கிறது. ஓடினால் டயல் மேலே, டயல் கீழே, குமிழ் மேலே என்று மூன்று நிலைகளிலும் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் நின்றால் அச்சுமுனை தேய்ந்திருக்கலாம்.

மெஷினும் கூடும் ஆரம்பத்திலிருந்தே ஜோடியா என்பதற்கு முழு உறுதி கிடைப்பது அரிது. ஆனால் பின்னாளில் மாற்றியிருந்தால் தடயம் இருக்கும். மெஷினைக் கூட்டோடு இறுக்கும் திருகுகளின் தலை, கூட்டின் உள்விளிம்பில் ஒரு பதிவை ஏற்படுத்தும். இப்போதைய திருகுகளின் இடத்தில் ஒரு ஜோடிப் பதிவு மட்டும் இருந்தால் நல்ல அறிகுறி. வேறொரு இடத்தில் இன்னொரு ஜோடி தெரிந்தால், அந்தக் கூட்டில் முன்பு வேறு மெஷின் இருந்திருக்கிறது. குமிழுக்கு நேராக 12 வராமல் 3 வந்தால், மூடியுள்ள கூட்டுக்கான மெஷினைத் திறந்த முகப்புக் கூட்டில் வைத்திருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் அதற்குக் குறைத்தே கொடுப்பார்கள். உங்கள் படத்தில் 12 குமிழுக்கு நேராக இருக்கிறது. டயலில் 7 மணி அருகே மயிரிழை விரிசல் ஒன்று தெரிவதுபோல் இருக்கிறது, நிழலாகவும் இருக்கலாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள். முட்கள் மாற்றியவையா என்பதைப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

விலைக்கு வருவோம். ஒரே வாட்சுக்குக் குறைந்தது நான்கு விலைகள் உண்டு. காப்பீட்டுக்காக எழுதும் மாற்று மதிப்பு எல்லாவற்றிலும் உயர்ந்தது. அந்தத் தொகைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்து, சரிபார்த்து உத்தரவாதத்தோடு விற்கும் வியாபாரியின் விலை. அதற்குக் கீழே சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் கைமாற்றும் விலை. கடைசியில் வியாபாரி உங்களிடம் வாங்கும் விலை. அது அவர் விற்கும் விலையில் பாதிக்கும் கீழே இருந்தாலும் அநியாயம் என்று சொல்ல முடியாது, சரிசெய்யும் செலவும் விற்கும்வரை முடங்கும் பணமும் அவருடையவை. முழுத் தங்கக் கூடாக இருந்திருந்தால் ஐந்தாவதாக உலோக மதிப்பும் இருந்திருக்கும். கோல்டு ஃபில்டு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இணையத்தில் பார்க்கும்போது கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் எடுங்கள். மாடல் 1883, பார்ட்லெட், 17 ஜூவல்ஸ், 18 அளவு, திறந்த முகப்பு, கோல்டு ஃபில்டு என்று ஆறும் பொருந்தும் எட்டுப் பத்து விற்பனைகள் போதும். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். "ஓடுகிறது" என்ற விளம்பரத்தையும் "பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட்டது" என்ற விளம்பரத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். முதலாவதற்கு வாங்கியவர் இன்னும் செலவு செய்ய வேண்டும். உங்கள் வாட்சின் விலையை ஏற்றக்கூடியவை கூர்மை மழுங்காத எஞ்சின் செதுக்கலும் விரிசலில்லாத டயலும்தான். பார்ட்லெட் தரம் அரிதல்ல என்பதால் மெஷின் தனியாக விலையைத் தூக்காது. இறக்கக்கூடியது, தேய்ந்து உள் உலோகம் தெரியும் கூடு. அதை மறைக்கப் பாலிஷ் போட்டால் இருக்கும் தங்கத் தகடும் போய்விடும். பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

சரிசெய்யக் கொடுக்கலாமா என்பதற்கு என் கருத்து இது: விற்பதற்காக என்றால் வேண்டாம். இந்தத் தரத்தில் முழுச் சுத்தம் செய்யும் கூலி வாட்சின் விலையை எட்டிவிடும், சில சமயம் தாண்டிவிடும். நீங்களே வைத்துக்கொண்டு ஓடவிடப் போகிறீர்கள் என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஒரே அச்சில் லட்சக்கணக்கில் செய்த மெஷின் என்பதால், உடைந்த பாகத்துக்கு இன்னொரு பழைய மெஷினிலிருந்து மாற்று கிடைத்துவிடும். கொடுக்கும் முன், பழைய அமெரிக்க 18 அளவு மெஷினைப் பிரித்துப் பழக்கம் உண்டா, பேலன்ஸ் அச்சு மாற்றத் தெரியுமா என்று கேளுங்கள். பேட்டரி மாற்றுவதே தொழிலாக உள்ளவரிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்து அனுப்ப வேண்டிய படங்கள்: "அட்ஜஸ்டட்" என்ற சொல் இருக்கிறதா என்று தெரியும்படி மெஷின் முழுவதும், கூட்டின் உள்விளிம்பில் திருகுகள் இருக்கும் இரண்டு இடங்கள், வளையத்தின் உட்புறம், பக்க வெளிச்சத்தில் டயல். தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்தே போடுங்கள். ஆண்டையும் தரத்தையும் பார்க்க மீதி இலக்கங்கள் போதும். முழு எண் உங்களிடம் மட்டும் இருந்தால், வாட்ச் திருட்டுப் போனாலும் உங்களுடையது என்று காட்ட உதவும்.